வலது ஓரத்துக் கட்டை

என் அக்காவின் வாசிப்பைக் கெடுத்தவர் சின்ன மாமாதான். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளில் துபாயிலிருந்து லீவில் வந்தவர் ஒரு கீபோர்டு கொண்டுவந்தார். ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தால் போதும், அந்தச் சுரத்தை வைத்து அதுவே ஒரு துண்டு மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். இரண்டை அழுத்தினால் இரண்டு மெட்டு. அக்கா அதன் கையேட்டைக் கரைத்துக் குடித்துவிட்டு, கட்டைகளை மாற்றி மாற்றி அழுத்தி ஒரு முழுப் பாட்டே கட்டியிருந்தாள். சேலையூரில் எங்கள் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் அதை வாசிக்க வேண்டும். நன்றாக வாசித்தால் தாம்பரத்தில் கீபோர்டு வகுப்பில் சேர்ப்பதாக அப்பா சொல்லியிருந்தார்.

எனக்கு ஒன்பது வயது. நானும் வாசிப்பேன் என்று அடம்பிடித்ததால் வலது ஓரத்தில் ஒரே ஒரு கட்டையை எனக்கு ஒதுக்கினாள். “இதை அமுக்கிட்டே இரு. வேற எதையும் தொட்டே, கொன்னுடுவேன்.”

காலையில் ஒத்திகை கேட்ட மாமாவுக்குப் பொறுக்கவில்லை. “என்னடி இது, சந்தைக்கடை மாதிரி!” அக்கா தாவணி மாற்றப் போனதும் பின்பக்கத்தில் ஒரு சின்ன சுவிட்சைத் தள்ளினார். “மோனோ போட்டுட்டேன். இனிமே ஒரு சத்தம்தான், க்ளீனா வரும்.”

எந்தச் சத்தம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எத்தனை கட்டையை அழுத்தினாலும் வலது கோடியில் இருப்பது மட்டும்தான் ஒலிக்குமாம். அங்கே இருந்தது என் விரல்.

பூஜை முடிந்ததும் கூடத்தில் எல்லார் முன்னாலும் வாசிக்க உட்கார்ந்தோம். அக்காவின் பத்து விரலும் ஓடின. கேட்டதெல்லாம் என் ஒற்றை மெட்டு.

“மாமா, என் சத்தமே வரல.”

“நல்லா அழுத்தும்மா.”

மைக் செட்காரர் சிரித்தார். “இன்னா சார், பெரிய பாப்பா சும்மா ஆக்‌ஷன் காட்டிகினு கீது. சின்னதுதான் வாசிக்குது!”

கூடமே சிரித்தது. அப்பாவின் முகம் சுருங்கியது. மாமா ஜாங்கிரியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா எட்டி அந்த சுவிட்சைப் பார்த்தாள்; வாசித்துக்கொண்டே அதைத் தொட முடியாது. பிறகு என் விரலைப் பார்த்தாள். என் கையைத் தட்டிவிட்டிருந்தால் அவள் மெட்டு ஒன்றாவது கேட்டிருக்கும். அவள் தட்டவில்லை. சத்தமே வராத பாட்டைக் கடைசி வரை வாசித்து முடித்தாள். கூடம் என்னைப் பார்த்துக் கைதட்டியது.

அப்பா என்னை வகுப்பில் சேர்த்தார், அவளை டைப்ரைட்டிங்கில். முதல் வாரமே மாஸ்டர் அந்த சுவிட்சை விளக்கினார். வீட்டில் சொன்னேன். “பணம் கட்டியாச்சு, விடு” என்றார் அப்பா. மாமாவுக்குக் கடிதம் போட்டேன். பதிலே இல்லை. நாலு வருஷம் போய் நான் ஒன்றும் உருப்படியாகக் கற்றுக்கொள்ளவில்லை.

அக்கா ஏன் என் கையைத் தட்டவில்லை என்று மட்டும் அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. கைதட்டல் எனக்குத்தான் என்று குதித்துக்கொண்டிருந்தேன்.

மாமா, அடுத்த மாதம் உங்களுக்கு அறுபதாம் கல்யாணம். மைக் இருக்கும். அன்றைக்குச் சிரித்த சொந்தமெல்லாம் இருக்கும். அக்காவும் இருப்பாள். அந்த மைக்கைப் பிடித்து எல்லார் முன்னாலும் பதில் சொல்லுங்கள்: அவள் சத்தம் ஏன் வரவில்லை என்று தெரிந்தும் ஏன் வாயைத் திறக்கவில்லை?