முன்னால் நின்ற மேகம்

நெதர்லாந்துக்கு வந்த முதல் மாதம், நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளரான யோக்கே அம்மையார் ஒரு பை நிறையத் துணித்துண்டுகளைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். என்ன வேலை என்று முந்தைய நாள் கேட்டிருந்தார். அரைகுறை டச்சில் ‘ஸ்டோஃப்’ ஆராய்ச்சி என்று சொல்லியிருந்தேன். அந்தச் சொல்லுக்குத் தூசி என்றும் துணி என்றும் இரண்டு பொருள். வெடித்துச் சிதறிய நட்சத்திரங்களின் தூசி என்று விளக்கினேன். ஜன்னல் விளிம்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இந்த வீட்டில் தூசியே கிடையாதே” என்றார், கொஞ்சம் வருத்தமாக.

ஊரில், குமரி மாவட்டத்து அருமனையில், என் கணவர் செல்வின் பள்ளி ஆசிரியர். நான் கிளம்பும்போது மகள் ஷைனிக்கு நான்கு வயது. இரண்டாண்டு வேலை, நீட்டித்தால் இருவரையும் அழைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில்தான் விமானம் ஏறினேன். ஷைனிக்குப் பாஸ்போர்ட்கூட எடுத்தாயிற்று. வருகிறவர்களிடமெல்லாம் அதிலுள்ள தன் படத்தைக் காட்டுவாளாம்.

குளிர்ந்த தூசி கண்ணுக்குத் தெரியாது; அகச்சிவப்புக் கதிரில்தான் ஒளிரும். நாங்கள் ஆராய்ந்த நட்சத்திரம் வெடித்த இடத்தில் அந்த ஒளி ஏராளமாக இருந்தது. அவ்வளவும் அந்த நட்சத்திரம் பெற்றெடுத்த தூசிதான் என்று கட்டுரை எழுதி முடித்திருந்தோம்; என் வேலை நீட்டிப்பும் அதை நம்பித்தான் இருந்தது. அனுப்புவதற்கு முந்தைய வாரம், வழியில் கிடக்கும் வாயு மேகங்களின் வரைபடத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். ஒளியின் பெரும்பகுதி ஒரு மேகத்தின் வடிவத்தோடு அப்படியே பொருந்தியது. மேகம் நமக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவில் நின்றது. அதன் தூசியை நாங்கள் நட்சத்திரத்தின் கணக்கில் சேர்த்திருந்தோம்.

யாரிடமும் சொல்லாமல் இரண்டு நாள் இருந்தேன். பிறகு செல்வினைப் போனில் அழைத்துச் சொன்னேன்.

“ஏட்டி, ஒறப்பா தெரியுமா?”

“ஒறப்புதான். பாதிக்கு மேல அந்த மேகத்துக்க தூசி. சொன்னா வேலை நீளாது. நீங்க வர முடியாது.”

அந்தப் பக்கம் ரப்பர் மரங்களில் மழை பெய்யும் சத்தம் கேட்டது.

“சொல்லிரு. பொய்யிக்க மேல பிள்ளைய கொண்டுவந்து இருத்தாண்டாம்.”

எங்கள் ஆய்வுக் குழுவின் தலைவரான பேராசிரியை ஹன்னா படங்களை நெடுநேரம் பார்த்தார். மன்னிப்புக் கேட்டேன். “மேகத்தை நீயா கொண்டுபோய் வைத்தாய்?” என்றார். அதே மூச்சில், இனி நீட்டிப்புக்கு வழியில்லை என்றும் சொன்னார். கேட்டுக்கொண்டேன் என்பதற்காகத் தலையாட்டினேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, “நல்லது” என்று கையைக் குலுக்கினார். கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

திருத்திய கட்டுரை வெளிவந்தது. தூசி குறைந்திருந்தது, ஆனால் இருந்த அளவு உண்மை. அதைப் படித்த ஒருவர் ஜெர்மனியில் ஓராண்டு வேலை தந்தார். குடும்பத்தை அழைக்க அது போதாது. அங்கே சேருவதற்கு முன் மூன்று வாரம் ஊருக்குப் போனேன். ஷைனிக்கு ஆறு வயது முடிந்திருந்தது. வாசலில் என்னைப் பார்த்துச் சிரித்தாள், உள்ளே ஓடினாள், குடிக்க வெள்ளம் கொண்டுவந்தாள். நாங்கள் தினமும் குடிக்கும் எவர்சில்வர் டம்ளரில் அல்ல. விருந்துக்கு வருகிறவர்களுக்கென்று அலமாரியில் எடுத்துவைத்திருந்த கண்ணாடிக் கிளாஸில், இரண்டு கையாலும் பிடித்து, சிந்தாமல்.

“குடியுங்க” என்றாள். என்னை அவள் எப்போதும் ‘நீ’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.