எங்கள் கல்லூரியின் இருபத்திரண்டு ஹெல்மெட்டுகள்

விளையாட்டுச் சாமான் அறையைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு ஆட்டம் என்று ஒன்று கிடையாது. சாமான் வெளியே போன நேரமும் திரும்பி வந்த நேரமும்தான் உண்டு. நடுவில் இருக்கிற நேரமெல்லாம் பயந்துகொண்டு விரல்விட்டு எண்ணுகிற நேரம். பள்ளி வேனில் பிள்ளையை ஏற்றிவிட்டுத் தெருமுனையையே பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள், ஹாஸ்டல் வார்டன்கள், ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்து பழகியவர்கள், நீங்கள் எல்லாரும் என் கூட்டம். உங்களுக்குச் சொன்னால் புரியும்.

நான் நகரியில் ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, வீட்டு விசைத்தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தவள். கல்யாணமாகித் திருப்பதிக்கு வந்து, சந்திரகிரி ரோட்டில் இருக்கிற ஒரு தனியார் இன்ஜினியரிங் கல்லூரியில் அட்டெண்டராகச் சேர்ந்தேன். கிரிக்கெட் மட்டை, வாலிபால் வலை, கபடிக்கு விரிக்கிற பாய், இவ்வளவுதான் என் பொறுப்பு. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் அமெரிக்கன் ஃபுட்பால் வந்தது.

ஆறு அட்டைப்பெட்டிகள்

எங்கள் கல்லூரியில் படித்து அமெரிக்காவில் வேலை பார்க்கும் ஒருவர், அங்கே ஒரு கல்லூரி கழித்துப்போட்ட சாமான்களை ஆறு பெட்டிகளில் அனுப்பியிருந்தார். விளையாட்டு ஆசிரியர் சுதாகர் சார் பெட்டியைப் பிரித்தார். ஜன்னல் கம்பி வைத்த ஹெல்மெட்டுகள் இருபத்திரண்டு. ஆமை ஓடு மாதிரி தோளில் மாட்டுகிற கவசங்கள். இரண்டு முனையும் கூராக, பப்பாளிக்காய் போல ஒரு பந்து. காலால் உதைக்கிற ஆட்டத்துக்குத் தலையில் எதற்கு இரும்பு என்று கேட்டேன். "இதுல கால் வேல கொஞ்சம்தாம்மா, மிச்சமெல்லாம் மோதறதுதான்" என்றார் சார். பந்தை எடுத்துக்கொண்டு ஓட வேண்டுமாம், எதிர்க்கட்சி ஆள் மோதிக் கீழே தள்ளுவானாம்.

அன்றே அந்த இருபத்திரண்டு ஹெல்மெட்டுக்கும் பதிவேட்டில் என்னிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் ஹெல்மெட் நல்ல நிலையில் இருக்கிறது என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை. மறுநாள் நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து, சூளூர்பேட்டையிலிருந்து வந்து படிக்கிற ஒரு பையன் ஒரு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சொன்னான்: "அக்கா, இது ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போவ வேண்டிய பெட்டி. அட்ரஸ் மாறி இங்க வந்துட்சி."

பத்து கஜத்துச் சங்கிலி

இந்த ஆட்டத்தில் நான்கு வாய்ப்புக்குள் பந்தைப் பத்து கஜம் முன்னே கொண்டுபோக வேண்டும். போனதா இல்லையா என்று அளக்க, இரண்டு கம்புக்கு நடுவே பத்து கஜச் சங்கிலி வேண்டும். அது பெட்டியில் இல்லை. பாலசமுத்திரத்திலிருந்து வந்த முனிரத்தினம் என்கிற முதல் வருஷப் பையன், "எங்க வூட்ல கீதுக்கா" என்று சொல்லி, அடுத்த திங்கட்கிழமை மாடு கட்டுகிற சங்கிலிகள் மூன்றைக் கொண்டுவந்து கோத்துக் கொடுத்தான். வீட்டில் நிலம் பார்க்கிறவர்கள். கழுத்து இருக்கிற இடமே தெரியாத உடம்பு, சுருட்டைமுடி அடர்ந்த தலை. ஹெல்மெட்டுக்குள் அந்த முடியை அமுக்கி நுழைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

முதல் ஆட்டம் சென்னையிலிருந்து வந்த ஒரு கல்லூரியோடு. ஒரு சங்கிலியில் மணியைக் கழற்ற மறந்துவிட்டோம். அளக்க இழுக்கும்போதெல்லாம் அது கிணுகிணுக்க, மேய்ந்துகொண்டிருந்த வாட்ச்மேன் வீட்டு மாடுகள் இரண்டும் மைதானத்துக்குள் வந்துவிட்டன. நாங்கள் ஒரு புள்ளிகூட எடுக்காமல் தோற்றோம். எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை, இருபத்திரண்டும் திரும்பி வந்துவிட்டன. போகும்போது சென்னை ஆசிரியர் சுதாகர் சாரின் கையைப் பிடித்துக் குலுக்கிச் சொன்னார்: "எல்லா ஊர்லயும் விசில் அடிச்சா ஆட்டம் நிக்கும் சார், உங்க ஊர்ல மணி அடிச்சா மாடு வருது."

கோட்டைத் தாண்டியவன்

இரண்டாம் வருஷம் எங்கள் அணி முதல்முதலாக ஒரு டச்டவுன் எடுத்தது. பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டினால் அது டச்டவுன். தாண்டியவன் முனிரத்தினம். எங்கள் பக்கத்தில் ஒருத்தரும் கைதட்டவில்லை, எப்போது தட்ட வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. அவனும் நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி, செடிகளைத் தாண்டி, காம்பவுண்ட் சுவர்வரைக்கும் ஓடினான். சுவரில் மோதிக்கொள்ளப் போகிறான் என்று நான் அலறிக்கொண்டு பின்னாலேயே போனேன். சுவரைப் பிடித்துத் திரும்பி, கம்பிக்குள்ளிருந்து மூச்சு வாங்கக் கேட்டான்: "முடிஞ்சிட்சாக்கா, இல்ல இன்னும் ஓடணுமா?"

சங்கராந்தி

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொல்லிவிடுகிறேன்.

அதே வருஷம், ஆடி மாதம். காலையில் ஹெல்மெட்டுகளைத் துடைக்கும்போது, ஒன்றில் தாடைப் பட்டையின் பித்தான் தளர்ந்திருந்ததைப் பார்த்தேன். சாயங்காலம் இறுக்கிக்கொள்ளலாம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அது முனிரத்தினத்துடையது. ஆட்டத்தில் முதல் மோதலிலேயே பட்டை கழன்று, ஹெல்மெட் தனியாக உருண்டு வந்தது. இரண்டாவது மோதல் வெறும் தலைக்கு. எழுந்து உட்கார்ந்தான், சிரித்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவனிடம் இன்றைக்கு என்ன நாள் என்று கேட்டார். "சங்கராந்தி. மாட்டுக் கொம்புக்கு வர்ணம் அடிக்கணும்" என்றான். ஒரு மணி நேரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தான். கூடவே உட்கார்ந்திருந்த எனக்கு அந்த ஒரு மணி நேரம் இன்னும் முடியவில்லை.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை, ஒரு நாள் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். பாலசமுத்திரத்திலிருந்து அவன் அம்மா வந்தாள். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகத்தான் பித்தானைப் பற்றிச் சொன்னேன். திட்டுவாள், கையைக்கூட ஓங்குவாள் என்று நினைத்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மெதுவாகத்தான் சொன்னாள்: "உன் புள்ள சட்டையில பித்தான் தொங்கினா சாயங்காலம்னு வுட்டிருப்பியாம்மா?"

நெற்றித்தோல்

அதற்கப்புறம் நான் ஒரு சோதனை முறை வைத்துக்கொண்டேன். சுதாகர் சார் போனில் படம் போட்டுக் காட்டியதுதான். ஹெல்மெட் மாட்டிய பையனை நேராக நிற்கச் சொல்லி, கம்பியை இரண்டு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்ப வேண்டும். ஹெல்மெட்டோடு நெற்றித்தோலும் சேர்ந்து நகர்ந்தால் சரியாகப் பிடித்திருக்கிறது. ஹெல்மெட் மட்டும் நகர்ந்து தோல் அப்படியே நின்றால் தளர்ச்சி, அவன் உள்ளே போகக் கூடாது. நான் குள்ளம். சிமெண்டு மூட்டை மாதிரி உடம்பை வைத்துக்கொண்டு இவர்கள் வரிசையில் வர, நான் ஒரு ஸ்டூலின்மேல் நின்று இருபத்திரண்டு நெற்றிகளையும் பார்ப்பேன். ஒரு தடவை பார்த்தால் எனக்குப் போதாது. வரிசை முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து.

பிள்ளைகள் கிண்டல் செய்யாமல் இருப்பார்களா? அதிகம் பேசுகிறவன் டேனியல். சித்தூரில் பழைய மிஷன் சபையைச் சேர்ந்த குடும்பம். பந்தை எறிகிறவன் அவன், அவன் எறிந்தால் முனிரத்தினம் பிடித்துக்கொண்டு ஓடுவான். இரண்டாவது சுற்றில் நான் அவனுடைய கம்பியைப் பிடித்துத் திருப்பியபோது சொன்னான்: "நாளைக்கு பொண்ணு வூட்டுக்காரங்க வந்தாகூட என் மூஞ்சிய இவ்ளோ கிட்ட பாக்க மாட்டாங்கக்கா."

பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள்

கல்லூரிகளுக்கு இடையே நடக்கிற போட்டியில் மூன்றாம் வருஷம் அரையிறுதிவரைக்கும் போனோம். நான்காம் வருஷம் இறுதி ஆட்டம், சித்தூரில். முனிரத்தினத்துக்கும் டேனியலுக்கும் அதுதான் கல்லூரியில் கடைசி வருஷம். நான் சாமான் மூட்டைகளோடு வேனில் காலையிலேயே போய்விட்டேன். பையன்கள் மலைக்குப் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு பஸ்ஸில் நேராக வருவதாக ஏற்பாடு. கும்பிடத்தானே போகிறார்கள் என்று நானும் ஒன்றும் கேட்கவில்லை.

ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது பஸ் வந்தது. முதலில் இறங்கியவன் மொட்டை. அடுத்தவன் மொட்டை. வரிசையாக எல்லாரும் மொட்டை, தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. இறுதி ஆட்டத்துக்கு வந்தால் முடி கொடுப்பதாக வேண்டிக்கொண்டார்களாம். கடனை வைத்துக்கொண்டு விளையாடக் கூடாது என்று அன்று விடியற்காலையிலேயே கொடுத்துவிட்டார்கள். நான்கு வருஷமாக அவரவர் முடிக்குத் தகுந்த மாதிரி திண்டு வைத்து நான் பொருத்தியிருந்த ஹெல்மெட்டுகள். காற்றடித்து இறுக்குகிற புதுவகை அல்ல, பழசு. ஒருவனுக்கு மாட்டித் திருப்பினேன். நெற்றி அசையவேயில்லை, ஹெல்மெட் மட்டும் சந்தனத்தின்மேல் வழுக்கிக்கொண்டு பக்கவாட்டில் போய், காது ஓட்டை வழியாகக் கண் தெரிந்தது.

ஸ்டூலிலிருந்து இறங்கி உட்கார்ந்துவிட்டேன். கடைசியாக இறங்கிய சுதாகர் சாரும் மொட்டை. என் முகத்தைப் பார்த்துத்தான் அவருக்கு உறைத்தது. தலையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "வேண்டிக்கினப்போ முடியத்தாம்மா நெனச்சோம். ஹெல்மெட்ட யாரு நெனச்சா?"

டேனியலின் அம்மா

என்னிடம் இருந்தது நகரியில் என் தம்பியின் தறியில் நெய்த துண்டுகள், இரண்டு டஜன். வியர்வை துடைக்க எப்போதும் கொண்டுபோவேன். தலைக்கு அளவாகத் தைத்து உள்ளே போட்டால் பிடிக்கும் என்று தோன்றியது. ஆனால் இரண்டு மணி நேரத்தில் இருபத்திரண்டு தொப்பியைக் கையால் தைக்க முடியுமா? டேனியல் சித்தூர் வீட்டிலிருந்து வண்டியில் தனியாக வந்திருந்தான். அவனும் மொட்டை. அவன் போன் செய்ததும் அவன் அம்மா ஞானம்மாள் கைத்தையல் மிஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். சபையில் பாட்டுக் குழுவுக்கு அங்கி தைக்கிறவர்.

பையன்களைக் குழாயடியில் உட்காரவைத்துச் சந்தனத்தைக் கழுவினேன். நான் வெட்ட, அவர் தைத்தார். வாய் சும்மா இருக்கவில்லை, மகன்மேல் கோபம். வீட்டில் பேச்சுவார்த்தையே இல்லையாம். "வேண்டுதல் அவங்களுது, உனக்கு எதுக்குடா மொட்டன்னு கேட்டேங்க. சலூனுக்குப் போய் அடிச்சிக்கினு வந்து நிக்கறான். இன்னா சொன்னான் தெரியுமா? 'நான் ஒருத்தன் மட்டும் முடியோட நின்னா டீம் போட்டோ நல்லா இருக்காதும்மா.'"

முனிரத்தினத்தின் தலை

இருபத்தொரு நெற்றி நகர்ந்தது. முனிரத்தினத்தினுடையது நகரவில்லை. அவ்வளவு முடியை ஏற்றுக்கொண்டிருந்த ஹெல்மெட், இப்போது அண்டாவுக்குள் தேங்காய் மாதிரி ஆடியது. இரண்டு துண்டு மடித்துப் போட்டோம், ஒரு பக்கம் மட்டும் புடைத்துக்கொண்டது. பிரித்து மெத்தை மாதிரி குறுக்கும் நெடுக்கும் தைக்க வேண்டும் என்றார் ஞானம்மாள். அதற்குள் நடுவர் விசில் அடித்துவிட்டார்.

"கஸ்தூரியம்மா, கையெழுத்துப் போடுங்க. இவனில்லாம பந்த யாரு எடுத்துக்கினு ஓடறது?" என்றார் சுதாகர் சார். போட மாட்டேன் என்றேன். சார் கத்தினார். முனிரத்தினம் கெஞ்சினான். "ஒண்ணும் ஆவாதுக்கா, நான் பாத்துக்கினு மோதறேன்." அவன் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவான் என்கிற பயத்தில், ஹெல்மெட்டைக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். இதுவரை யாரையும் நான் எதிர்த்துப் பேசியதில்லை. சேலைத்தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டேன். அவனில்லாமலே ஆட்டம் ஆரம்பித்தது. எதிரணி ஒரு டச்டவுன் எடுத்தது. இன்னொன்றும் எடுத்தது. எங்கள் பக்கத்திலிருந்தே, "அந்தம்மாவ எழுப்புங்கப்பா" என்று கூச்சல் போட்டார்கள். வேலை போய்விடும் என்று நினைத்தேன். எழுந்திருக்கவில்லை.

இடைவேளையில் தொப்பி முடிந்தது. மாட்டித் திருப்பினேன். நெற்றித்தோல் கூடவே வந்தது. இன்னொரு தடவையும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டாம் பாதியில் டேனியல் எறிய, முனிரத்தினம் ஓடி இரண்டு டச்டவுன் எடுத்தான். டச்டவுனுக்குப் பின்னால் பந்தை உதைத்து எடுக்கிற கூடுதல் புள்ளி ஒன்று தவறிப்போனதால், ஒரே ஒரு புள்ளிதான் குறைவு. கடைசி நிமிஷத்தில் மறுபடி பந்தோடு ஓடினான். கோட்டுக்கு ஐந்தாறு கஜம் இருக்கும்போது இரண்டு பேர் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து அவன் தலைமேலேயே மோதினார்கள். விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. விசில் அடித்து ஆட்டம் முடிந்தது என்றார்கள். செருப்பு எங்கே போனதென்று தெரியாமல் ஓடினேன். ஹெல்மெட் தலையிலேயே இருந்தது, பட்டை கழலவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நைனா, இன்னிக்கு இன்னா நாளு? சொல்லு நைனா, இன்னா நாளு?" என்று கேட்டேன். ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

"நீ என்ன பாதி ஆட்டம் உக்கார வெச்ச நாளுக்கா."

கல்லூரி வாசலில் இருக்கிற சாதனைப் பலகையில் அந்த வருஷத்துக்கு எதிரே ‘இரண்டாம் இடம்’ என்று தங்க எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். ஹெல்மெட்மேல் உட்கார்ந்து நான் வாங்கிக் கொடுத்த இடம் அது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள், நானும் இல்லையென்று சொல்வதில்லை.