அடுத்த கம்பனியின் வரலாறு

பலெர்மோவில் நான் பிழையில்லாமல் பேசக் கற்ற முதல் இத்தாலியப் பேச்சு, ஒரு ஜப்பானிய மின்சாதனக் கம்பனியின் வரலாறு. மற்றதெல்லாம் அரைகுறைதான்.

அப்போது நான் பொலிதேயாமாப் பகுதியில் ஒரு வீட்டில் வேலை செய்தேன். வீட்டுக்காரருக்குக் கீழ்த்தளத்தில் மின்சாமான் கடை. அந்தக் கம்பனியின் விசிறி, ரேடியோ, றைஸ் குக்கர் எல்லாம் விற்றார். ஜப்பானிலிருந்து கம்பனிப் பெரியவர் ஒருவர் கடையைப் பார்க்க வருகிறார் என்றதும் மனிதருக்கு நித்திரை போய்விட்டது. கம்பனியின் வரலாற்றையே பேச்சாகச் சொல்லி அவரைக் குளிர்விப்பதென்று முடிவெடுத்தார். வரலாறு கிடைத்தது அவருடைய மச்சானிடமிருந்து. வீட்டுக்கார அம்மாவான சின்யோராவின் தம்பி அவர்; அவருக்கும் ஒரேத்தோ தெருவில் மின்சாமான் கடை இருந்தது.

நான் துணி அயர்ன் பண்ணும்போது வீட்டுக்காரர் முன்னால் வந்து நின்று அதைப் பேசிப் பழகுவார். "ஒரு ஏழை மகன்! வேர்த்துக் கொட்டும் ஒரு தாய்! ஒரு விசிறி!" தாயின் முகத்தில் முதல் காற்றுப் படும் இடத்தில் தினமும் அழுவார்.

பெரியவர் மொழிபெயர்க்கும் பெண்ணோடு வந்தார். வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது. பழகிப் பழகித் தொண்டை கட்டிவிட்டது. சின்யோரா என்னைப் பிடித்து முன்னே தள்ளினார்.

"நீ சொல்லு. நீயும் அந்தப் பக்கத்து ஆள்தானே!"

யாழ்ப்பாணத்துக்கும் ஜப்பானுக்கும் உள்ள தூரத்தை விளக்க அது நேரமில்லை. ஏப்ரனோடு நின்று, கையை வீசி, முழுவதையும் சொன்னேன். பெரியவர் அசையாமல் கேட்டார். முடிந்ததும் குனிந்து வணங்கி ஏதோ சொன்னார். அந்தப் பெண் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தாள்.

"மிக அழகான வரலாறாம். ஆனால் அது அவர்களுடைய போட்டிக் கம்பனியின் வரலாறாம்."

மச்சான் விற்பது அந்தப் போட்டிக் கம்பனியின் சாமான். தனக்குத் தெரிந்ததை அவர் சொல்லிவிட்டிருக்கிறார்.

பிறகு பெரியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உண்மைக் கதையை அவரே சொன்னார். கம்பனியைத் தொடங்கியவர் முதலில் செய்தது குஞ்சு பொரிக்கும் மின்பெட்டி. ஒரு குஞ்சும் வரவில்லை. முட்டை எல்லாம் அவிந்துவிட்டது. மனிதர் அவிந்த முட்டைகளைத் தின்றுகொண்டே யோசித்து, அதே பெட்டியில் அரிசியைப் போட்டாராம்.

அல்பெர்கேரியாப் பகுதியில் இருந்த எங்கள் அறைக்குத் திரும்பி என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இஞ்சாரும், தாய்க்குக் காத்துப் படுற இடத்திலை நீரும் அழுதனீரோ?" என்று கேட்டார்.

"ஓம். அந்த இடத்திலை அழவேணுமெண்டுதானே நான் பாத்துப் பழகினனான்."

தொண்டை திறந்த நாளிலிருந்து வீட்டுக்காரர் வந்தவர்களுக்கெல்லாம் முட்டைக் கதையைச் சொல்லத் தொடங்கினார். கதைக்காகவே சனம் றைஸ் குக்கர் வாங்கியது. "இதில் பாஸ்தா அவிக்கலாமா?" என்று கேட்டவர்களுக்குத் தாராளமாக அவிக்கலாம் என்றார். ஒரு வாரத்துக்குள் குக்கர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஒன்றை என் கையில் தந்து, "உனக்குத்தான், எடுத்துக்கொண்டு போ" என்றார்.

அடியில் ஒட்டிக் கருகியிருந்த ஸ்பகெத்தியை என் கணவர் ஞாயிறு முழுக்கக் கரண்டியால் சுரண்டினார். திங்கட்கிழமை அதில் சோறு நன்றாகவே வந்தது. தக்காளி மணம் மட்டும் ஒரு மாதம் போகவில்லை.