ஜீப்புக்குள் கேட்ட குருவிச் சத்தம்

உடும்பஞ்சோலைக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில், வேலைக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லயத்தில் நாங்கள் குடியிருந்தோம். எழுபதுகளின் நடுவில் இருக்கும். என் வீட்டுக்காரர் தோட்டத்து ஜீப் டிரைவர். ஜீப் முதலாளியுடையது. ஆனாலும் லயத்தில் எல்லோரும் என்னிடம் "உங்க ஜீப்பு" என்றுதான் சொல்வார்கள். நானும் மறுத்துப் பேசியதில்லை.

அந்த மலைக்கு வேறு வண்டி ஏறாது. பச்சை ஏலக்காய் மூட்டை, அரிசி, வலி கண்ட பெண்கள், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போகிற நாங்கள், எல்லாமே அந்த ஜீப்பில்தான். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்க வேண்டும். எதிரே வருகிறவனும் அடிப்பான். அதைக் காதில் வாங்கி யாராவது ஒருத்தர் ஒதுங்கி நிற்க வேண்டும். அந்த வழியில் அவர் பகலும் இருட்டும் பார்க்காமல் ஓட்டினார்.

காய் எடுப்பு தொடங்கிய சமயம் ஜீப்பில் ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. முதலில் சொன்னது பக்கத்து வீட்டுக்காரி. வேலை முடிந்து இறங்கியவள் அவர் முன்னால் வந்து நின்று, "அண்ணே, உங்க ஜீப்புக்குள்ள குருவி கூடு கட்டிருக்கு. வழி நெடுகக் கீச்சு கீச்சுன்னு கத்துது. முட்டை போட்டா எனக்கு ஒண்ணு குடுங்க" என்றாள். கூட வந்த பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

முதலாளி சிரிக்கவில்லை. "என்னப்பா இது, லொட லொடன்னு. எடுப்பு முடியுறதுக்குள்ள வண்டி நடுவழியில நின்னுச்சுன்னா, போடியிலருந்து வேற டிரைவரைக் கூட்டியாந்துருவேன். வீட்டையும் காலி பண்ண வேண்டியதுதான்" என்றார். வேலை போனால் லயத்து வீடும் போய்விடும். அதை நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு சாயங்காலம் ஆனால் அவர் வண்டிக்கு அடியில்தான் கிடப்பார். ஸ்பிரிங் பட்டைகளுக்கு நடுவே எண்ணெய் விட்டார். கண்ணில் பட்ட நட்டையெல்லாம் முறுக்கினார். ஆடுகிற கதவுக்குச் சாக்கை மடித்துச் செருகினார். எழுந்து வந்து, "போயிருச்சு" என்பார். மறுநாள் பெண்கள், "குருவி இன்னும் இருக்குண்ணே" என்பார்கள். அவர் மறுபடியும் அடியில் படுப்பார்.

பூசைக்குப் போகும்போது நானும் கேட்டேன். கியர் மாற்றும்போது தூரத்து வீட்டில் யாரோ உலக்கை போடுவதுபோல என் காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் அவருக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "டொக்கு டொக்குன்னு அடிக்குதுங்க" என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், "ஆமா, டொக்கு டொக்குன்னுதான்" என்றார்.

அடுத்த சந்தை நாளில் காய்கறி வாங்க நானும் அவருடன் கீழே போனேன். திரும்பும் வழியில் ஜீப்பை ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினார். மெக்கானிக் போடிக்காரர், வாய் ஓயாதவர். ஏற்கெனவே இரண்டு தடவை இதே சத்தத்துக்காக வண்டியைப் பார்த்துக் கொடுத்திருந்தார்.

"இப்ப என்ன சொல்லுது உங்க வண்டி?"

"டொக்கு டொக்குன்னு அடிக்குதுப்பா."

மெக்கானிக் ஸ்பானரைக் கீழே வைத்தார். "அண்ணே, மொதத் தடவை கீச்சு கீச்சுன்னீக. நான் பட்டைக்குப் புஷ்ஷு மாத்துனேன். அடுத்த தடவை லொட லொடன்னீக. சைலன்சரை இறுக்கிக் கட்டுனேன். இன்னைக்கு டொக்குங்கிறீக. ஒரு வண்டி ஓட்டுறீகளா, மூணு வண்டி ஓட்டுறீகளா?"

அவர் லேசாகச் சிரித்தார். நான் மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். கீச்சு பக்கத்து வீட்டுக்காரி சொன்னது. லொட லொட முதலாளி சொன்னது. டொக்கு நான் சொன்னது. அவருடையது என்று ஒரு சத்தமும் இல்லை.

"வாங்க, ஓட்டியே பாத்துருவோம்" என்று மெக்கானிக் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். இவர் பக்கத்தில். நான் பின்னால் பலகையில், மூட்டைகளோடு. மேட்டில் ஏறித் திரும்பி, இறக்கத்துக்கு வந்ததும் மெக்கானிக் கியரை எடுத்துவிட்டு இன்ஜினையும் நிறுத்தினார். வண்டி தானாக உருண்டது. ஒரே அமைதி. அந்த அமைதியில் குருவி மட்டும் கீச், கீச், கீச் என்று தெளிவாகக் கத்திக்கொண்டு வந்தது.

ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் மெக்கானிக் கேட்டார். "நின்னுருச்சா அண்ணே, இன்னும் கேக்குதா?"

இவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். கேட்ட கேள்வியே அவருக்கு எட்டவில்லை என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. நான் தலையாட்டவும் இல்லை, வாய் திறக்கவும் இல்லை. இன்ஜினை நிறுத்தியதை வைத்து அவராக ஒரு கணக்குப் போட்டு, "நின்னுருச்சுப்பா. இன்ஜின்லதான் கோளாறு" என்றார்.

குருவி கத்திக்கொண்டிருந்தது. மெக்கானிக் பிரேக்கை மிதித்தார். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. மறுபடியும் நீளமாக அடித்தது. நானும் மெக்கானிக்கும் திரும்பிப் பார்த்தோம். இவர் முன்னால் ரோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு மெக்கானிக் கேலி பேசவில்லை. இன்ஜினை நிறுத்தியும் சத்தம் நிற்காததால் கோளாறு சக்கரத்துக்குப் போகிற தண்டில்தான் என்று சொல்லி, அடியில் படுத்து அதன் முனையில் சிலுவை மாதிரி இருந்த கிராஸைக் கழற்றினார். உள்ளே ஊசி ஊசியாக இருக்க வேண்டிய பேரிங், செங்கல் பொடிபோலக் கொட்டியது. புதுசு போட்டார். பழைய கிராஸை என் வீட்டுக்காரர் கையில் எடுத்து, காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார்.

திரும்பும்போது நான் முதல் தடவையாக முன்சீட்டில் உட்கார்ந்தேன். ஆள் பார்ப்பார்களே என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். வளைவில் எதிர் ஹாரன் கேட்டால் அவர் கையைத் தொட்டேன். முதல் தடவை, "விடு புள்ள" என்றார். அடுத்த வளைவில் நான் தொட்டதும் ஒதுக்கினார், எதிரே ஒரு ஜீப் முட்டுகிறாற்போல வந்து கடந்தது. பிறகு நான் தொட்ட வளைவிலெல்லாம் ஒதுக்கினார். வீட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் இருந்தார்.

"கல்லு உடைக்கிற எடத்துல லாரி ஓட்டுனேன்ல, அப்பலருந்தே காதுக்குள்ள ஒரு வண்டு. ஙொய்னு. அதுக்கு மேல எதுவும் ஏற மாட்டேங்குது. எத்தனை நாளைக்கு என் கையைத் தொட்டுக்கிட்டே வருவ?"

மறுநாள் அவரே போய்ச் சாவியை முதலாளி மேசையில் வைத்தார். கண் மங்குகிறது என்று சொல்லியிருக்கிறார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று வாயசைத்துக் கேட்டேன். "செவிடன்னா சிரிப்பாக. கண்ணு தெரியலைன்னா பாவம்பாக" என்றார். அது நிஜம்தான். முதலாளி வீட்டைப் பறிக்கவில்லை. காய் காயவைக்கிற ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளுகிற வேலை கொடுத்தார். ஜீப்புக்குப் போடியிலிருந்து வேறு ஆள் வந்தான். லயத்துப் பெண்கள் வழுக்குகிற இடத்தில் என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்கள். கண் நன்றாகத் தெரிகிற மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு அவர்கள் பின்னால் போனார்.

எனக்கு வேறொரு கவலை வந்தது. நான் சத்தமாகப் பேசுகிறவள் இல்லை. சின்னப் பிள்ளையிலிருந்தே அப்படித்தான். நான் எது சொன்னாலும் அவர் "ம்" என்பார். எவ்வளவு பொறுமையான மனுஷன் என்று நினைத்திருந்தேன். இப்போது ஒவ்வொரு "ம்"மையும் எண்ணிப் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது.

இதற்கெல்லாம் முன்னால் எங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்த நாளே இறந்தது. ஞானஸ்நானம் கொடுக்க நேரமில்லை. அதனால் கல்லறைத் தோட்டத்துக்குள் இடமில்லை, பெயரும் இல்லை. ஏலச்செடி ஓரமாகப் புதைத்தோம். நான் மட்டும் மனசுக்குள் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தேன். ஒரு நாள் அடுப்பைப் பார்த்தபடி, அவருக்கு முதுகு காட்டிக்கொண்டு, அந்தப் பெயரை அவரிடம் சொன்னேன். அவர் "ம்" என்றார். அந்த ஒரு "ம்" போதும் என்று அதற்குப் பிறகு நான் அழுகையை நிறுத்தியிருந்தேன்.

அவர் கேட்டாரா, கேட்கவில்லையா? மறுபடி சொல்ல வேண்டுமானால் கத்திச் சொல்ல வேண்டும். லயத்தில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம். ஞானஸ்நானம் இல்லாத பிள்ளையின் பெயரை எப்படிக் கத்துவது?

ஒரு மத்தியானம் ஸ்டோருக்குச் சோறு கொண்டுபோனேன். வேறு ஆள் இல்லை. அவர் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து அந்தப் பெயரைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். என்னிடம் இனி மறைக்க ஒன்றும் இல்லாததால் இப்போதெல்லாம் அவர் "ம்" என்று சொல்வதில்லை.

"என்ன சொன்ன? வெளங்கலை. சத்தமாச் சொல்லு."

வெளியே மூட்டை இறக்குகிறவர்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

"குழம்புல உப்பு கூடிருச்சான்னு கேட்டேன்" என்று உரக்கச் சொன்னேன்.

"இல்லையே, சரியாத்தான் இருக்கு" என்றார்.