கல்லிவல்லி என்றொரு ஊர்

கல்லிவல்லி என்பது வளைகுடாவில் ஏதோ ஓர் ஊர் என்றுதான் நினைத்தேன். என் வீட்டுக்காரர் போனில் அப்படித்தான் சொன்னார். "கம்பெனிய விட்டு வெளிய வந்துட்டேன்ட்டி. இப்ப கல்லிவல்லிதான்." மேற்கொண்டு கேட்பதற்குள் லைன் அறுந்துவிட்டது.

மாசக்கணக்கில் சம்பளம் தராத கம்பெனி அது. விட்டது சனியன் என்ற சந்தோஷத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் இருக்கிறதே! பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கத்தரிக்காய் மூட்டையோடு போன இடத்தில் ஊதிவிட்டேன். "எங்க வீட்டுக்காரவுக இப்ப கல்லிவல்லில இருக்காவ. நல்ல எடமாம்."

கமிஷன் கடை அண்ணாச்சி அதே வளைகுடா நாட்டில் இருந்துவிட்டு வந்தவர். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, அது ஊரு இல்ல. பேப்பர் இல்லாம ஒளிஞ்சு இருக்கவுகள அங்கன அப்படித்தான் சொல்லுவாவ. வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாத."

பஸ்ஸில் ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

என் தம்பி போலீஸ்காரன். கேரள எல்லையில் புளியறை செக்போஸ்ட்டில் டூட்டி. விஷயத்தைச் சொன்னதும் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தான். "பேப்பர் இல்லாத லாரிய மடக்குதது என் வேல. எனக்கு வாய்ச்ச அத்தானுக்கே பேப்பர் இல்லையாக்கும்!" பிறகு நாலு பேரிடம் விசாரித்துவிட்டு வந்து சொன்னான். பாஸ்போர்ட் கம்பெனி கையில் இருக்கிறது. ஆள் ஓடிவிட்டான் என்று அவர்கள் புகார் கொடுத்தாயிற்று. பிடிபட்டால் ஜெயில், அபராதம். அப்புறம் மெஷினில் விரலை வைக்கச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். விரல் வைத்தவன் அந்த நாட்டுக்குள் மறுபடி நுழைய முடியாது.

"இவ்வளவு தெரியுதுல்லா, ஏதாவது பண்ணேம்லே" என்று சீறினேன்.

"என் அதிகாரம் புளியறையோட முடிஞ்சு போவுதுக்கா" என்றான்.

அதற்குப் பிறகான வருஷங்களில் அவர் போனில் அதிகம் பேசியதில்லை. வேலைக்குப் போகும் வழி, வரும் வழி, இரண்டிலும் பயம். காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது, கார்டு கேட்பார்கள். அறையிலேயே கிடந்து மாத்திரையை விழுங்குவார். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு கேள்வி மட்டும் தப்பாமல் வரும். "ஏட்டி, சாரல் விழுதா?"

விழுந்தால் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டுவேன். அவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பார்.

சீசன் வந்தால் ஊர் உலகமெல்லாம் குற்றாலத்துக்கு வந்து குளித்துவிட்டுப் போகும். நான் போகமாட்டேன். அவர் இல்லாமல் அந்தத் தண்ணீரில் தலையைக் கொடுக்க மனசு வரவில்லை. சாரல் அடிக்கிற சாயங்காலங்களில் அவர் பக்கத்தில் வேண்டும் என்று உடம்பே கேட்கும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கேட்கத்தான் செய்தது.

ஒரு பங்குனியில் அந்த நாட்டில் பொதுமன்னிப்பு அறிவித்தார்கள். தானாக வந்து நின்றால் ஜெயில் இல்லை, அபராதம் இல்லை. ஆனால் விரல் வைத்தே ஆகவேண்டும். அவருக்கு மனசு ஊசலாடியது.

"வந்தா வந்ததுதான்ட்டி. திரும்பப் போக முடியாது. வீடு பாதில நிக்குது."

"நிக்கட்டும். கத்தரிக்கா வித்துப் பொழைச்சுக்கிடலாம். வாங்க."

அப்புறம் கேட்டார். "சாரல் விழுதா?"

வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. "விழுது" என்றேன்.

வந்துவிட்டார். வேர்த்து ஒழுக வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "விழுதுன்னியேட்டி!" என்று சிரித்தார். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஆனியில் சாரல் பிடித்ததும் மெயின் அருவிக்குப் போனோம். அவர் ஆண்கள் பக்கம், நான் பெண்கள் பக்கம். நல்ல தண்ணீர். குளித்துக்கொண்டிருக்கும்போதே வரத்து கூடியது. போலீஸ்காரர்கள் விசில் ஊதி எல்லோரையும் கரையேறச் சொன்னார்கள். ஏறி வந்து பார்த்தால் இவரைக் காணோம்.

தேடித் தேடி, பஜ்ஜிக் கடைக்குப் பின்னால் கண்டுபிடித்தேன். ஈரத் துண்டோடு, சிலிண்டர்களுக்கு நடுவே குத்தவைத்திருந்தார்.

"போலீஸ் போயிட்டா?"

"தண்ணி கூடிருச்சுங்க. அதுக்குத்தான் விசில். இது நம்ம ஊரு."

"தெரியும்ட்டி" என்றார். எழுந்திருக்கவில்லை. நானும் அந்தச் சகதியில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அழுகை வந்தது, அழுதேன்.

இப்போதும் சீசனுக்குப் போகிறோம். ஆதார் கார்டைப் பாலிதீன் கவரில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டுதான் அருவிக்குள் இறங்குவார். "அருவி என்ன கார்டா கேக்கப் போவுது?" என்று ஒருமுறை கேலி செய்தேன். முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டேன்.

சீக்கிரமே குளித்து ஏறி, தலையைத் துவட்டியபடி ஆண்கள் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன். சுற்றிலும் எல்லோரும் இரண்டு கையையும் தூக்கித் தண்ணீரை வாங்குகிறார்கள். இவர் ஒரு கையை மட்டும் தூக்குகிறார். மற்றது இடுப்பில் இருக்கிறது. அந்தக் கையும் மேலே வருமா என்று நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.