தனியாகப் போகிறவர்கள்

எங்கள் மலைமேல் இருக்கும் செம்மேட்டுச் சந்தையில் மிளகை விற்றுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் டீக்கடையில் உட்கார்ந்தேன். டிவியில் விவாதம் ஓடியது. எங்கோ ஒரு தேசத்தில் ஒரு மாகாணம் தனி நாடாகப் பிரிய வேண்டும் என்கிறதாம். விடலாமா கூடாதா என்று நான்கு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள்.

என்னிடம் மிளகு வாங்கிய அடிவாரத்து வியாபாரி எதிர் பெஞ்சில் இருந்தார். "தனியாப் போயி சோத்துக்கு என்னங்க பண்ணுவாங்க? ஒரே மாசத்துல திரும்பி வந்துருவாங்க, பாருங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நானும் என் வீட்டுக்காரரும் தனிக்குடித்தனம் போகக் கேட்டபோது, மாமனார் வீட்டில் கூடிய உறவுக்காரர்களும் இதையேதான் சொன்னார்கள். "ஊட்ட ரெண்டாக்குறதா?" என்று ஒருவர் குதித்தார். மிளகுக்கொடி யாருக்கு என்று இன்னொருவர் கேட்டார். அத்தனை பேருக்கும் உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தவள் நான். என்னை யாரும் கேட்கவில்லை. டம்ளர்களைக் கொண்டுபோய் நங்கென்று வைத்துவிட்டு, "போறது நாங்க. எங்களக் கேளுங்க" என்றேன்.

போனோம். நன்றாகவே இருக்கிறோம். இன்றைக்கும் அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு முதல் ஆளாக நிற்பது நான்தான்.

"ஏனுங்க, இந்த நாலு பேருல அந்த மாகாணத்துக்காரங்க யாருங்க?" என்று வியாபாரியைக் கேட்டேன்.

அவர் டிவியைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தார். "அப்படி யாரும் இல்லீங்களே."

"அப்ப அவங்க உள்ள டீ போட்டுட்டு இருப்பாங்க" என்றேன்.