பாலத்தின் மேல் எழுபத்தொரு மைல்

எங்கள் ஊர்ப் பக்கத்தில் எதிரே வண்டி வந்தால், ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டுவோம். அதுதான் வணக்கம். பிளாட் ஆற்றுப் பாலத்து விபத்தை ரோமா குசேரா விசாரிக்கிறாள் என்று தெரிந்த பிறகு, அவளைக் கண்டால் அந்த விரல் எழவில்லை.

ரோமா மாநிலப் போலீஸில் விபத்து ஆய்வாளர். பெரும்பாலும் லாரி மோதல்கள். டயர்த் தடத்தை அளப்பாள், நொறுங்கிய முகப்பை அளப்பாள், எஞ்சினில் இருக்கும் கம்ப்யூட்டரில் வயரைச் செருகி, மோதலுக்கு முன்னால் நொடிக்கு நொடி வண்டி என்ன செய்தது என்று எடுத்துப் படிப்பாள். அதற்கு முன் யாராவது லாரியைக் கிளப்பி ஓட்டிவிட்டால் பழைய பதிவு அழிந்து புதியது ஏறிவிடும். அதனால் இடத்துக்குப் போனதும் முதல் வேலையாக இழுவை வண்டிக்காரனிடம் சத்தம் போடுவாள்: "சாவியத் தொட்டே, கைய ஒடிச்சிருவேன்."

பாலத்தில் மோதிய இந்த லாரி எல்டனுடையது. எல்டன் அவளுடைய அடுத்த வீட்டுக்காரன். அவன் மனைவி ஐடெல்லா, பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதி. ஜனவரியில் ஒரு காலை, காலி டிரெய்லரோடு வந்த எல்டனின் லாரி ஐஸ் படிந்த பாலத்தில் குறுக்கே மடங்கி, எதிரே வந்த பிக்கப் வண்டியை நசுக்கியது. அதை ஓட்டிவந்த மாட்டு டாக்டர் பெண் அங்கேயே செத்துப்போனாள்.

"எனக்கு வேண்டாம் சார், வேற யாரையாவது அனுப்புங்க" என்று சார்ஜென்ட் ப்ரூகனிடம் கேட்டாள்.

"இந்தப் பக்கம் உனக்குத் தெரியாதவன் எவன் இருக்கான்? ஒமாஹா ஆபீஸ் ஆய்வாளன் தோள்பட்டை ஆபரேஷன் பண்ணிட்டுப் படுத்திருக்கான். நீதான் பாக்கணும்."

சனிக்கிழமை வழக்கம்போல ஐடெல்லா கொலாச்சித் தட்டோடு வந்தாள். நடுவில் பிளம் ஜாம் வைத்த பன். ரோமா கதவைப் பாதிதான் திறந்தாள்.

"வாங்கக் கூடாதுடி. லஞ்சம்னுருவாங்க."

"ஒரு பன்னுக்கா? உன்ன வாங்கறதுன்னா ஒரு முழுப் பன்னியாவது வேண்டாமா?"

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்ததும் என்ன செய்வதென்று இருவருக்கும் தெரியவில்லை. ஐடெல்லா தட்டோடு திரும்பிப் போனாள்.

எல்டன் லாரியின் பதிவு நொடிக்கு நொடி இப்படி இருந்தது: அறுபத்தொன்று, அறுபத்தொன்று, அறுபத்தொன்று, எழுபத்தொன்று. பிறகு பிரேக். ஐஸில் மணிக்கு எழுபத்தொரு மைல் என்றால் எல்டனுக்கு நிச்சயம் சிறை என்றார் அரசு வக்கீல். அவருக்கு அந்த ஒரு எண் போதுமாக இருந்தது.

ரோமாவுக்குப் போதவில்லை. காலியாக வந்தாலும் லாரி லாரிதான். ஒரே நொடியில் பத்து மைல் தாவாது. கம்ப்யூட்டர் சாலையைப் பார்ப்பதில்லை. சக்கரம் சுற்றுவதைத்தான் எண்ணுகிறது. ஐஸில் வழுக்கி வெறுமனே சுழன்றாலும் அதை வேகம் என்றே குறித்துக்கொள்ளும். அந்த எழுபத்தொன்று வண்டியின் வேகமே இல்லை.

ஆனால் அதே வரியில் இன்னும் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஆக்சிலேட்டர் மிதி: இல்லை. க்ரூஸ்: ஆன். கால் வைக்காமல் வண்டியைத் தானே ஓடவிடும் பொத்தான் அது. ஐஸில் அதைத் தொடக் கூடாது என்று புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பவனே எல்டன்தான். காலால்தான் ஓட்டினேன் என்று வாக்குமூலமும் கொடுத்திருந்தான்.

இரண்டாம் முறை கூப்பிட்டபோது வக்கீலோடு வந்து உட்கார்ந்தான்.

"கால எங்க வச்சிருந்த, எல்டன்?"

"சொன்னேனே. மிதியிலதான்."

"கம்ப்யூட்டர் இல்லேங்குது."

"எழுபத்தொண்ணுன்னுந்தான் சொல்லுது. அதையும் நம்புவியா?"

"அத நம்பல. அது பொய்னு எழுதணும்னா, க்ரூஸ் போட்டிருந்துச்சுன்னும் எழுதணும். அதுதான் சக்கரத்த விடாம சுத்த விட்டிருக்கு. ரெண்டும் ஒரே வரி. உனக்குப் பிடிச்ச பாதிய மட்டும் என்னால கிழிச்சுத் தர முடியாது."

வக்கீல் எல்டனின் கையைப் பிடித்தார். எல்டன் கையை உருவிக்கொண்டு முழங்காலைத் தேய்த்தான்.

"மடங்க மாட்டேங்குது ரோமா. மிதியில ரொம்ப நேரம் வைக்க முடியல. லைசென்சுக்குப் பாக்கற டாக்டர்கிட்ட மறைச்சிட்டேன். சொல்லியிருந்தா அன்னிக்கே லைசென்ஸ் போயிருக்கும்."

அவன் சொன்னதையும் அவள் அறிக்கையில் சேர்த்தாள்.

அன்று மாலை ஐடெல்லா வேலியோரம் நின்றாள். கையில் மறுபடி தட்டு.

"முழங்கால எழுதிட்டியாமே."

"அவனே சொன்னான். எழுதினேன்."

"ஜெயிலு?"

"எழுபத்தொண்ணு நிக்காது. அதனால பெரிய கேஸ் தள்ளுபடியாயிரும்னு நினைக்கிறேன். ஆனா இனி லாரி ஓட்ட முடியாது. காரும் கோர்ட் சொல்றவரைக்கும் இல்ல."

"அப்ப நாள் பூரா வீட்ல. என்கூட." ஐடெல்லா மூக்கை உறிஞ்சினாள். "ஜெயிலே தேவலைன்னுவான் பாரு." தட்டை நீட்டி, "இப்பவாவது திங்கலாமா?" என்றாள்.

"கோர்ட் முடியட்டும்டி."

ஐடெல்லா தட்டை வேலிக் கம்பத்தின் தலையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ரோமாவால் அதை எடுக்கவும் முடியவில்லை, விட்டுப் போகவும் முடியவில்லை. குளிர் காலில் ஏறும்வரை அங்கேயே நின்றாள்.

காலையில் பன்களின் மேல் பனி படிந்திருந்தது. தெருமுனையில் அவர்கள் கார் எதிரே வந்தது. ரோமா ஸ்டியரிங்கிலிருந்து விரலைத் தூக்கினாள். ஓட்டிவந்த ஐடெல்லாவின் கைகள் ஸ்டியரிங்கில் அசையாமல் இருந்தன. பக்கத்து சீட்டில் எல்டன், பிடிப்பதற்கு எதுவும் இல்லாத கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, வண்டி ஓட்டுகிறவனைப் போலச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.